ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பாக்கணும்

அந்த வண்டியில் ஏறுவதற்கு முதலில் உட்கார வேண்டும். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைக் குனிந்து, தரையில் உட்காருகிற மாதிரி பின்பக்கத்தை இறக்கி, அதன் பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஏறுவதற்கு முன்பே இறங்குவதைப் பற்றி யோசிக்கிறவன் நான். தீப்பிடித்தால் எந்தக் காலை முதலில் எடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வண்டிக்காரர் எங்கள் தெருவில் நான்காவது வீடு. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விருத்தாசலத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். எழுதாவிட்டாலும் தெரிந்துவிடும். இரண்டே சீட்டு வைத்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஊரில் வேறு யாரிடமும் இருந்ததில்லை.

ரயிலில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பல வருடங்கள் கூட்ஸ் வண்டி. ஓய்வு பெற்ற மறு மாதம் பாண்டிச்சேரிக்குப் போனவர், யாரோ ஓட்டிச் சலித்த அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். தெரு முனையில் இருக்கும் வேகத்தடையில் அதன் வயிறு தட்டிய சத்தத்தில்தான் தெருவே வெளியே வந்து பார்த்தது.

ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. "என்னா சார், பின்னாடி சீட்ட வழியில வுட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர். டீக்கடைக்காரர், "இதுல போனா நாய் நம்மள மேலேருந்து பாக்கும் சார்" என்றார். பாலக்கரையில் இருந்த மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதுக்கு அடியில நான் போவ முடியாது, எனக்கு மேல இதத் தூக்கவும் முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் மட்டும் கொஞ்சம் கடுமையாக, "பேரன் பேத்தி எடுத்த வயசுல இது தேவையா?" என்றார்.

வண்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பதில் சொல்வது ஒரு கேள்விக்குத்தான். "எத்தினி பேரு போலாம் சார்?" என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரு. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பாக்கணும்" என்பார்.

இதை எல்லோரும் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ரயில் இன்ஜினிலும் இரண்டு பேர்தான். டிரைவர் ஒருவர், உதவியாளர் ஒருவர். வழியில் ஒரு சிக்னல் தெரிந்தால் ஒருவர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பச்சை. மஞ்சள் என்றால் மஞ்சள். அது அவர்கள் வேலையின் சட்டம். "திருப்பிச் சொன்னா நானும் பாத்துட்டேன்னு அர்த்தம். பாக்காம திருப்பிச் சொல்றவன் இன்ஜின்ல ஏறக்கூடாது" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்துச் சீட்டில் யாரையாவது ஏற்றிக்கொண்டு, ஏறியவர் எதையாவது பார்த்துச் சொல்வார் என்று காத்திருப்பார். ஏறியவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். "செம ஜாலியா இருக்குது சார்" என்றார்கள். அவர் அவர்களை மரியாதையாக வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு, மறுநாள் வேறு ஆளைத் தேடினார்.

நான் மாட்டியது தற்செயல்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் யூனிட்டில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. சூளையிலிருந்து வரும் கப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, கீறல் இருப்பதைத் தள்ளி வைப்பது என் வேலை. நல்ல கப் மணி மாதிரிக் கேட்கும். கீறல் விட்டது சளி பிடித்தவன் இருமுவது மாதிரிக் கேட்கும். எனக்கு நல்ல கப்பிலும் சில நேரம் இருமல் கேட்கும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தட்டுவேன்.

பயணம் என்றால் இன்னும் மோசம். பஸ்ஸில் போனாலும் வேனில் போனாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். "லாரி வருது", "ஐயோ மாடு", "பிரேக் போடு" என்று வாய் தானாகப் பேசும். மச்சான் கல்யாணத்துக்கு வேனில் போனபோது டிரைவர் உளுந்தூர்பேட்டை பக்கம் வண்டியை நிறுத்தி, "ஒண்ணு இவரு ஓட்டட்டும், இல்ல நான் ஓட்டுறேன்" என்றுவிட்டார். என் மனைவி, "உங்ககூட வந்தா எமனுக்கே பயம் வந்துடும்" என்பாள். யூனிட்டில் சின்ன லோடு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்திருக்கிறேன். ஆனால் ஓட்டுவதில்லை. பின்னால் பீங்கான் குலுங்கும் சத்தத்தில் எனக்கு வேர்த்துவிடும்.

ஒரு நாள் காலையில் என் டிவிஎஸ் வண்டி பஞ்சர். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர் காரை நிறுத்தி, "ஏறுப்பா" என்றார். மறுத்துச் சொல்வதற்குப் பயந்து ஏறினேன். ஜங்ஷன் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் என் வாய் ஆரம்பித்துவிட்டது.

"ஐயோ!"

அவர் மெதுவாக வண்டியை ஓரம் கட்டினார். "ஐயோன்னா எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் சார். கரும்பு டிராக்டரு."

"அப்ப அதச் சொல்லு. ஐயோவுக்கு நான் எந்தப் பக்கம் ஒடிக்கறது?"

அதன் பிறகு, "மாடு, இடது பக்கம்" என்றேன். "மாடு, இடது பக்கம்" என்றார். "ஸ்கூல் பஸ்ஸு, எதுக்க" என்றேன். "ஸ்கூல் பஸ்ஸு, எதுக்க" என்றார். யாரும் என்னை அதட்டவில்லை. சிரிக்கவில்லை. நான் பயந்து சொன்னதை ஒரு மனிதர் நிதானமாகத் திருப்பிச் சொல்ல, அந்தப் பயம் என் கையை விட்டு அவர் கைக்குப் போய்விட்டது. யூனிட் வாசலில் இறங்கும்போது என் சட்டை வேர்வையில் நனைந்திருக்கவில்லை. அன்றுதான் அது முதல் தடவை.

அவர் கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கு டூட்டி?"

இரண்டு வருடம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வண்டியை அவர் ஏன் வாங்கினார் என்பது எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதில் அவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டும். பையன்கள் பைக்கில் பக்கத்தில் வந்து, "சார், மிதிங்க சார்!" என்று கத்துவார்கள். அவர் கை காட்டி முன்னால் அனுப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடி தாண்டி, வெலிங்டன் ஏரிப் பக்கம் போவோம். அங்கே ஆள் நடமாட்டமில்லாத ஒரு நேர்ச் சாலை இருந்தது. யூனிட்டில் கீறல் என்று நான் தள்ளிய வெள்ளைக் கப் ஒன்றை எடுத்துப் போய், அந்தச் சாலையின் இடது ஓரத்தில் வைக்க வேண்டும். எங்கே வைத்தேன் என்று சொல்லக் கூடாது. அவர் திரும்பிப் போய் நாற்பதில் வருவார். கப்பைத் தாண்டுகிற நொடியில் பிரேக் பிடிப்பார். வண்டி அப்படியே தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். பிறகு இறங்கி, காரிலிருந்து கப் வரைக்கும் நடந்து அடிகளை எண்ணுவார். "பன்னெண்டு" என்பார். அவர் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷம், லாட்டரி விழுந்தவன் முகத்தில்கூட இருக்காது.

"எல்லாரும் எவ்ளோ வேகம் போகும்னு கேக்கறான். எவ்ளோ சீக்கிரம் நிக்கும்னு ஒருத்தன் கேட்டானா? வேகமாப் போறதுக்குன்னு செஞ்ச வண்டிக்குத்தான் நல்ல பிரேக்கு வெப்பான். அதுக்குத்தான் வாங்கினேன்."

"கூட்ஸு எவ்ளோ தூரத்துல நிக்கும் சார்?" என்று கேட்டேன்.

அவர் கப்பின் பக்கம் குனிந்தார். "ஒரு தடவ லைன்மேல ஒரு அம்மா. நானும் பாத்துட்டேன், அசிஸ்டென்டும் பாத்துட்டான். அவன் சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன். பிரேக்கும் போட்டாச்சு. ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டேதான் போனோம்."

கப்பை எடுத்துத் துண்டில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

அவர் மனைவி அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறவில்லை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "மூணு பேரு சாப்படற வூட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி. எங்க மாமியார மடியிலயா வெச்சிக்கறது?" என்பார். ஒரு நாள் கோபத்தில், "கொளஞ்சியப்பர் கோயில்ல போயி இந்த வண்டி மேல பிராது கட்டறேன் பாருங்க" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் மனக்குறை இருந்தால் அதை மனுவாகத் தாளில் எழுதி அந்தக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லும். சார் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டு, "கட்டு. ஆனா நம்பரு சரியா எழுது. சாமி பாட்டுக்கு வேற யார் வண்டியாவது புடிச்சிடப் போவுது" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார்.

எதற்கு அழுதார் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. நான் யூனிட்டிலிருந்து வரும்போது அக்கா என்னை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். டீ டம்ளர இடது பக்கம் வெச்சா தட்டி வுட்டுடறாரு. நெலப்படியில இடது தோள இடிச்சிக்கறாரு. கேட்டா, வூட்ட மாத்தி மாத்தி வெக்கறேன்னு என்னைய திட்டறாரு. நீதான பக்கத்துல உக்காந்து போற. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுக்கா. நான் சொல்றது எல்லாத்தையும் திருப்பிச் சொல்றாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க்கா."

"தெரியலன்னா சொல்லிடுப்பா. நானே சாவிய வாங்கி வெச்சிடறேன். அவரு கையால இன்னொரு உசுரு போச்சுன்னா அவரு இருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் நான் சொன்னது முழு உண்மை இல்லை. கடந்த சில வாரங்களாக இடது ஓரத்துக் கப் அவர் கண்ணில் தாமதமாகப் பட, பன்னிரண்டு அடி பதினைந்தாகியிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை காருக்கும் கப்புக்கும் நடுவில் நானும் கூடவே நடந்து மனசுக்குள் எண்ணினேன். பத்தொன்பது. அவர் நிமிர்ந்து, "பதினாலு" என்றார்.

ஐந்து அடியை ஒரு ரயில் டிரைவர் தவறாக எண்ண மாட்டார். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்கிறார் என்று தெரிந்தது. எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற நான், அங்கே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சொன்னால் வண்டி போய்விடும். வண்டி போனால், நான் சொல்வதைத் திருப்பிச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. இவ்வளவுதான் காரணம். இதை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த ஞாயிறு. தை மாதம், அறுவடை நேரம். வழியெல்லாம் சாலையில் பாதியை மறித்து நெல்லைக் காய வைத்திருந்தார்கள். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் இடது பக்கம் பாதிச் சாலைக்கு நெல் பரப்பி, சுற்றிலும் கல்லும் கருவை முள்ளும் வைத்திருந்தது. தலையில் துண்டு போட்ட ஒரு அம்மா, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறியபடி நடந்துகொண்டிருந்தார்.

"நெல்லு, இடது பக்கம். ஆளு இருக்குது" என்றேன்.

"நெல்லு, இடது பக்கம். ஆளு இருக்குது" என்றார்.

வண்டி ஒதுங்கவில்லை. வேகமும் குறையவில்லை. எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் நான் சும்மா இருந்தேன், ஏனென்றால் அவர் திருப்பிச் சொல்லிவிட்டார். திருப்பிச் சொன்னால் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இன்னும் ஒரு நொடியில் ஒடிப்பார், இதோ ஒடிப்பார் என்று காத்திருந்தேன். பயந்தாங்கொள்ளியான நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தைரியமாக உட்கார்ந்திருந்த நேரம் அதுதான்.

முள் முகப்பில் உரசியது. கல் வண்டியின் வயிற்றில் இடித்தது.

"ஐயோ!" என்று கத்தினேன்.

இரண்டு வருடமாக நான் சொல்லாத வார்த்தை. அதற்குத்தான் அவர் பிரேக் பிடித்தார். நெல் சிதறிக் கண்ணாடியில் மழை மாதிரி விழுந்தது. வண்டி நின்றது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே நெல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே திட்ட ஆரம்பித்தார். "ஏன்யா, கண்ண என்ன பொடனியிலயா வெச்சிருக்கீங்க? அம்மாம் பெரிய ரோடு இருக்குது, எங்காலுதான் கெடச்சுதா? இது என்னா வண்டி, பாதி வண்டி? மீதிய யாரு மேல ஏத்திட்டு வந்தீங்க?"

சார் இறங்கினார். காரின் முகப்பிலிருந்து அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் மெதுவாக நடந்தார்.

"ரெண்டு" என்றார். இந்தத் தடவை சரியாகச் சொன்னார்.

பிறகு அந்த அம்மாவின் முன்னால் கை கூப்பி நின்றார். அந்த அம்மா எழுந்து, "கும்புட்டா நெல்லு கூடிக்குமா? ரெண்டு பேரும் அள்ளுங்க" என்றார். முட்டி போட்டு இரண்டு பேரும் அள்ளினோம். சார் தன் முன்னால் கிடந்ததையும் வலது பக்கம் கிடந்ததையும் ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளினார். அவருடைய இடது முழங்காலை ஒட்டிக் குவியலாகக் கிடந்த நெல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்த அந்த அம்மாவின் முகம் மாறியது. திட்டுவதை நிறுத்திவிட்டு, அவரே குனிந்து அந்தக் குவியலை அள்ளிக்கொண்டார். "போங்கய்யா. பாத்துப் போங்க" என்றார்.

காருக்கு வந்ததும் அவர் வலது பக்கக் கதவைத் திறக்கவில்லை. "நீ சொன்ன" என்றார்.

"சொன்னேன் சார்."

"நான் திருப்பிச் சொன்னேன்."

"சொன்னீங்க சார்."

"பாக்கல."

கண்ணாடியில் ஒட்டியிருந்த நெல்லை நான் கையால் தள்ளினேன்.

"எத்தினி நாளாப் பாக்காம சொல்லிட்டு வரேன், தெரியுமா? நீ சொல்றது சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. உன் வாய நம்பி ஓட்டுனேன்." சாவியை நீட்டினார். "நீ ஓட்டு."

"எனக்குப் பயமா இருக்குது சார்."

"அதனாலதான் குடுக்கறேன்."

விருத்தாசலம் வரைக்கும் நான் ஓட்டினேன். இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. மாட்டு வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் போனது, நான் முந்தவில்லை. பக்கத்தில் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். லாரி, எதுக்க. ஆடு, இடது பக்கம். ரயில்வே கேட்டு. அவர் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் கண்ணாடியில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. வழி முழுக்க எனக்கு வேர்த்தது.

இப்போது அந்த வீட்டில் வேறு குடித்தனம். சாரும் அக்காவும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது என்றும், இருக்கிற பார்வையைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுகிறார்கள் என்றும் போனில் அக்கா சொன்னார். மஞ்சள் வண்டியை யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். போனவர் தெரு முனை வேகத்தடையை வேகமாகத் தாண்டினார். அதே சத்தம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். காரை வீட்டு வாசலில் நிறுத்தினேன். அக்கா கையில் முறத்தோடு வெளியே வந்தார். வலது பக்கச் சீட்டில் என்னைப் பார்த்தார். முகப்பில் மாட்டியிருந்த கருவை முள்ளைப் பார்த்தார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் வந்து குனிந்தார்.

"என்னா தம்பி?"

ஐயோ என்றுதான் வாய்க்கு வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இடது பக்கம் தெரியலக்கா" என்றேன்.

அக்கா முறத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துச் சீட்டில் அவர் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தவர், அப்படியே நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் பார்க்க முகத்தை முழுதாகத் திருப்பினார்.

"இடது பக்கம் தெரியல" என்றார்.